இரும்புத் தகட்டில் உன் காலடி

அன்பு மகள் சங்கவிக்கு,

திண்டிவனத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். உனக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டும், அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்வது இதைத்தான். இங்கே எங்கள் மூன்று பேருக்கும் காய்ச்சல், தலைவலி என்று எதுவும் இல்லை. நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை, அதை விட்டுவிடுகிறேன். எனக்கு ஜெனரேட்டர் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், இது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, டிசி வாங்கிக்கினு வந்துடுறேன்பா, தம்பிய நான் பாத்துக்கிறேன், கபடி இல்லாட்டி என்ன என்றாய். நான் கத்திவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் வார்டன் நிற்கிறார் என்று தெரிந்தும் கத்தினேன். இப்போது கத்தாமல் சொல்கிறேன், ஆனால் சொல்வது அதேதான். வராதே. தம்பிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எதற்கு என்று அம்மா தடுத்தாள். பாதி சொன்னதால்தான் நீ டிசி வரைக்கும் போய்விட்டாய், அதனால் முழுசாக எழுதுகிறேன்.

ஜூன் மாதம் உன்னைக் கபடிக்காக ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம் இல்லையா, அதற்கு அடுத்த வாரத்திலிருந்தே தம்பி ஆதவன் அடங்கவில்லை. தட்டை வீசுவான், அம்மா முடியைப் பிடித்து இழுப்பான், கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்ப்பான். அக்காவைத் தேடுகிறான், பழகிவிடும் என்றேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னது நீ, தூக்கம் வருகிறது என்று சொன்னது நீ, வயிறு வலிக்கிறது என்று சொன்னதும் நீ. நாலு வயது ஆகியும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வராததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, ஏனென்றால் எங்கள் காதுக்கு எல்லாச் செய்தியும் வந்துகொண்டுதான் இருந்தது. நீ போனதும் அந்த லைன் அப்படியே கட் ஆகிவிட்டது. ஆடி மாதம் கொளஞ்சி அத்தை, அதுதான் எதிர்வீட்டில் மல்லாக்கொட்டை அவித்து விற்பவர், அம்மாவைக் கிளியனூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தால் பேச்சு வரும் என்று நம் பக்கம் செய்வார்களே, அதற்குத்தான். குடித்து முடித்ததும் பூசாரி மணியைத் தூக்கி அடித்தார், இவன் ஓடிப்போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தானாம். கேக்குது பாரு காயத்ரி, நல்லாக் கேக்குது, நீதான் கண்டதையும் நெனச்சிக்கினு பேஜாராவுற என்று அத்தை சொல்ல, அம்மா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். ஷெட்டில் ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணினால் அடுப்படியில் இருப்பவன் திரும்பிப் பார்க்கிறான், இவனுக்குக் காதில் என்ன கோளாறு என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகும் பேச்சு வரவில்லை என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், அங்கே காது டெஸ்ட் எடுத்தபோது கண்ணாடி அறைக்குள் எந்தச் சத்தத்துக்கும் அவன் திரும்பவில்லை, கையில் கொடுத்த பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் டெஸ்ட் எடுத்த பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று கடைசியாக எப்போது கேலிபரேஷன் பண்ணினீர்கள் என்று கேட்டேன். ஜெனரேட்டர் கதையையும் சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அண்ணா, அத்த ஸ்டார்ட் பண்ணா வீட்டுத் தரை அதிருமா?" என்று மட்டும் கேட்டாள். தரைக்கு அதிர்வு போகக்கூடாது என்று ஜெனரேட்டருக்கு அடியில் ரப்பர் கட்டை வைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். சர்வீசுக்கு வருகிறவற்றுக்கு ரப்பர் வைப்பதில்லை, இரும்புத் தகட்டின்மேல் அப்படியே இறக்கி ஓட்டுகிறேன். அந்தத் தகடு ஷெட்டிலிருந்து அடுப்படி வாசல் வரைக்கும் போட்டது என்று உனக்குத் தெரியும். அவன் பாதத்தால் கேட்டுக்கொண்டிருந்தான். மணியையும் உள்ளங்கையால்தான் கேட்டான். இரண்டு காதிலும் அநேகமாக எதுவும் கேட்கவில்லை, சங்கவி. காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷனுக்கு எழுதியிருக்கிறார்கள், அதற்கு முன்னால் சில மாதம் காது மெஷின் போட்டுப் பழக்கிப் பார்க்க வேண்டும். முன்னாடியே வந்திருக்கலாமே என்று ஒவ்வொரு டாக்டரும் சொல்கிறார், சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். ஆபரேஷன் ஆனாலும் உன்னைப்போல் பேசுவான் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இப்போது வீட்டில் நடப்பதைக் கேள். காலையில் எழுந்ததும் இரண்டு காதிலும் மெஷினை மாட்ட வேண்டும், நான் கையைப் பிடித்துக்கொள்ள அம்மா மாட்டுவாள், அவன் கழற்றி எங்கேயாவது போடுவான். ஒரு நாள் உளுந்து டப்பாவில் கிடந்தது, ஒரு நாள் குளிக்கிற பக்கெட்டில். பக்கெட்டில் கிடந்ததைப் பிரித்து உலர்த்தி மறுபடி ஓட வைத்தேன், இந்த வீட்டில் என்னால் சரி செய்ய முடிந்தது அது ஒன்றுதான். வாரத்தில் இரண்டு தடவை விழுப்புரத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்கு பஸ்ஸில் போகிறோம், இவன் கத்தலைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஒருவர், புள்ளையை இப்டியா வளப்பாங்க என்று அம்மாவைக் கேட்டார், நான் இறங்கச் சொன்னேன், அவர் இறங்கவில்லை, நாங்கள் இறங்கி அடுத்த பஸ்ஸில் போனோம். பயிற்சி கொடுக்கும் ஆரோக்கியசெல்வி மேடம் கண்டிப்பானவர். பையன் கை ஜாடை காட்டினால் கண்டுகொள்ளக் கூடாது, வாயிலிருந்து ஏதாவது ஒரு சத்தம் வந்தால்தான் கேட்டதைக் கொடுக்க வேண்டும், கையிலேயே காரியம் நடந்தால் அவன் வாயைத் திறக்கவே மாட்டான் என்றார். வீடியோ காலை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாயே, அதனால்தான். உன் முகத்தைப் பார்த்தால் அவனுக்குக் கை இரண்டும் பறக்கிறது, நீயும் பதிலுக்குக் காட்டுகிறாய். அவர் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. நாங்கள் அப்படியே செய்தோம். தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் தாகத்தோடு கெஞ்ச, அம்மா தண்ணி தண்ணி என்று வாயை அசைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு செம்பைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் திரும்ப மாட்டாள். இப்போதெல்லாம் என்னிடமும் அதிகம் பேசுவதில்லை, நான் எரிந்து விழுகிறேன் என்பதும் காரணம்.

அவன் ஒரு ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். சரியாக எழுதுகிறேன், கவனமாகப் படி. வலது கையை மூடித் தாடையில் வைத்து இரண்டு தடவை தேய்ப்பான், பிறகு கையை விரித்துத் தரையைக் காட்டி அழுத்துவான், பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பான். சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரம்தான் அதிகம். மேடம் சொன்னதை மீறி நாங்கள் அதற்குப் பதில் கொடுக்கப் பார்த்தோம். பால், பிஸ்கட், பாய், கக்கூஸ், பந்து எல்லாம் காட்டியாகிவிட்டது, எதுவும் இல்லை, தள்ளிவிடுவான். முதலில் முழுக் கையையும் ஆட்டிக் காட்டினான், பிறகு சின்னதாக, பிறகு விரல் மட்டும். இந்த வாரம் அதையும் விட்டுவிட்டான். அழுவதும் இல்லை, தட்டை வீசுவதும் இல்லை. வைத்ததைத் தின்கிறான், காட்டிய இடத்தில் படுக்கிறான். புள்ள நல்லா அடங்கிட்டாம்மா என்று கொளஞ்சி அத்தை சந்தோஷப்படுகிறார். சங்கவி, ஜெனரேட்டர் ஓடும்போது வரும் சத்தத்தை வைத்து எங்கே கோளாறு என்று நான் சொல்லிவிடுவேன். சத்தமே வராமல் நின்றுபோனதுதான் கஷ்டம். அவன் எங்களிடம் கேட்பதை விட்டுவிட்டான். எனக்கு வேறு எதுவும் இவ்வளவு பயமாக இல்லை, ஆபரேஷன் கூட.

நேற்று மதியம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவன் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். எவ்வளவு கூப்பிட்டும் பயன் இல்லை என்று தெரியும், ஆனாலும் கூப்பிட்டேன். பிறகு நீ செய்வது ஞாபகம் வந்தது. தகட்டின்மேல் நின்றுகொண்டு தொம் தொம் என்று இரண்டு தடவை, கொஞ்சம் விட்டு ஒரு தடவை உதைப்பாயே, பொம்பளைப் பிள்ளை ஏன் இப்படிக் காலைப் போடுகிறாய் என்று நான் ஓயாமல் திட்டுவேனே, அது. செருப்பைக் கழற்றிவிட்டு அதே மாதிரி உதைத்தேன். அவன் அந்த நிமிஷமே எழுந்து ஓடி வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. என் எதிரே வந்து நின்றான், என் காலைப் பார்த்தான், என்னைச் சுற்றி வந்து பின்னால் பார்த்தான், கதவு மறைவில் பார்த்தான், கேட்டுக்குப் போய்க் கம்பி வழியாக ரோட்டைப் பார்த்தான். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போய் மறுபடி சுவர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். நான் தகட்டின்மேலேயே நின்றிருந்தேன்.

இதைப் படித்துவிட்டுப் பையைக் கட்டாதே. நீ வந்தால் அவன் சிரிப்பான், தெரியும். நாங்களும் அவனை உன் தலையில் கட்டிவிட்டுப் பழையபடி இருந்துவிடுவோம், அதுவும் தெரியும். அவனைப் பெற்றது நாங்கள், அவனிடம் பேசத் தெரிய வேண்டியது எங்களுக்கு. அதனால் ஒன்று மட்டும் செய். அந்தத் தாடை ஜாடைக்கு என்ன அர்த்தம் என்று சொல். நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட மற்ற ஜாடைகளையும் ஞாபகப்படுத்தி வை. இந்த ஞாயிற்றுக்கிழமை வார்டனிடம் கேட்டு வீடியோவில் வா, நான் ஷெட்டில் தனியாக இருந்து எடுக்கிறேன், எனக்குச் சொல்லிக் கொடு. மெதுவாகக் காட்டு, நான் பொறுமையாகப் பார்க்கிறேன். மேடத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். நான் காட்டினால் அவன் திரும்பிப் பார்ப்பானா என்று எனக்குத் தெரியாது, நாள் கடந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. தெரிந்துகொண்டு தோற்கிறேன், தெரியாமல் வேண்டாம்.

ராத்திரி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படு, முட்டியில் அடிபட்டால் மறைக்காமல் கோச்சிடம் சொல். அம்மா உனக்குப் பிடித்த கேப்பை முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், பார்சலில் வரும், பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுக்கும் கொடு. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல் நீ நினைத்த உயரத்துக்குப் போக வேண்டும். மைதானத்தில் காலை நன்றாக ஊன்றி வை, சத்தம் வந்தால் வரட்டும். இனி நான் திட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. ராஜசேகர்
திண்டிவனம்