மழைக்குப் பின் போட்ட கோடு

இன்று காலை உன் அளவைக் கம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு முடிந்ததாம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அதே இரும்புக் கம்பு. உன் தலையில் பட்டு மேல்பாதி வளைந்திருக்கிறது. ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஆட்டோக்காரர், "இன்னா மேடம், கொழாயா?" என்றார். பாவம், அவரிடம் எரிந்து விழுந்துவிட்டேன்.

அந்தப் பழைய வரைபடம் நினைவிருக்கிறதா? அடையாற்று முகத்துவாரத்துச் சதுப்பை வெள்ளைக்காரன் காலத்தில் அளந்தது. நீலப் புல் குறிகள், சுற்றிலும் புள்ளிக் கோடு. சதுப்பில் கட்டடம் எழுப்ப வந்த பில்டருக்கு எதிராக அதைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று பஜ்ஜி தின்றோம், மண்டுகள். பில்டரின் வக்கீல் அதே படத்தைத் தூக்கிக் காட்டினார். "இவங்க மேப்புலயே எங்க இடம் கோட்டுக்கு வெளியதானே இருக்கு?" நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீதான் ஓரத்துக் குறிப்பைப் படித்துவிட்டு மேசையை அறைந்தாய்.

"அடியே, வெய்யில் காலத்துல அளந்துகீறான். சேறு காஞ்சி கெடக்கசொல்ல போட்ட கோடு இது. மழைக்கு அப்பால தண்ணி எங்க நிக்கிதோ, அதான்டி நெஜக் கோடு!"

மழை விட்டதும் போனோம். தண்ணீர் விளிம்பில் நீ கம்பை நட்டுக்கொண்டே போக, நான் ஜி.பி.எஸ். கருவியில் பதிந்தேன். கடைசிப் புள்ளி பில்டரின் வேலிக்குள் விழுந்தது. அதைப் பதியுமுன் அவன் ஆட்கள் வந்தார்கள்.

"யாரக் கேட்டு உள்ள வந்த?"

"தண்ணியக் கேளு. அது யாரக் கேட்டுக்கினு வந்துச்சாம்?"

ஒருவன் உன் கம்பையே பிடுங்கினான். முதல் அடி தோளில். அடுத்தது மண்டையில். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடி வந்த என்னைச் சேற்றில் தள்ளி மிதித்தார்கள். தலையைத் தூக்கியபோது, சிவந்த தண்ணீரில் நீ குப்புறக் கிடந்தாய்.

அத்துமீறி நுழைந்தவளைத் தடுத்தார்களாம். அப்படிச் சொல்லியே உன் கொலை வழக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள், படுபாவிகள்.

கம்பை வாங்கிக்கொண்டு நேராக அங்கேதான் போனேன். நேற்று மழை. அதே இடத்தில் தண்ணீர். உன்னை அடித்தவன் வேலியோரம் நின்றிருந்தான். "இன்னா, ஒனக்கும் வோணுமா?"

கம்பை ஓங்கினேன். "வாடா!"

அடித்தே கொன்றிருப்பேனடி. அவன் பின்வாங்கிவிட்டான்.

நேராக இருந்த கீழ்ப்பாதியை நட்டு, விட்டுப்போன புள்ளியைப் பதிந்தேன். கோடு முழுசாகிவிட்டது. நாளை மேல்கோர்ட்டுக்குப் போகிறேன், உன் கம்போடு. நீ விழுந்த இடம் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. அத்துமீறி நுழைந்தது நீ இல்லை, அவர்கள்.