மினுமினுப்பு மட்டும் தெரிந்தது

அம்சவள்ளிக்கு, சடையன் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரி நர்ஸம்மா எழுதுவது. நீயும் நம்ம பையன் சுபாஷும் சுகந்தானே? உன் மூட்டுவலி தேவலையா? நம்ம மலையில் போன் கிடைக்கவில்லை, அதனால் கடிதம்.

இங்கே வெளிமாநிலத்தில் கூலிக்கு வந்த மிளகுத் தோட்டத்தில் சருகு கூட்டும்போது ஏதோ ஒன்று காலைக் கடித்துவிட்டு நழுவியது. பாம்பு என்று தூக்கி வந்துவிட்டார்கள்.

"அரணைங்க. வழவழன்னு மின்னுச்சு" என்றேன். ஓணான் என்றால் சொரசொரப்பு, பல்லிக்கு இமையே கிடையாது. நம்ம மலையில் நான் பார்க்காததா?

தமிழ் தெரிந்த டாக்டர், "குட்டைக் கால் இருந்துச்சா? கண்ணு சிமிட்டுச்சா? பாம்புக்கு ரெண்டும் கிடையாது" என்றார்.

"அது தெரியலீங்களே" என்றேன்.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படாதே. கச்சிராயபாளையத்தில் வாங்கின மூக்குக்கண்ணாடி பரண்மேல் இருக்கும். நர்ஸம்மாவைக் கூப்பிடுகிறார்கள். கண்ணாடியைத் தபாலில் போடாதே, சுபாஷே கொண்டுவரட்டும்.