நீ முதலில் தின்ற தயிர் ஐஸ்

இன்று காலை கடைக்குக் கிர்ணிப்பழம் வந்தது. கூடையைத் திறந்ததும் கனிந்த வாசனை மூக்கில் ஏறியது. விலை பேசிக்கொண்டிருந்தவள் உன் நினைப்பில் பாதியில் நின்றுவிட்டேன். விலையைக் குறைக்கத்தான் பேசாமல் நிற்கிறேன் என்று எண்ணிப் பழக்காரர் தானாகவே இறங்கி வந்தார். நீ போன பிறகும் எனக்கு லாபம்தான் பார்த்துக் கொடுக்கிறாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தேரடியில் கூடைப்பழ வியாபாரம். சித்திரையில் நம் மலை விடும் அனலில் மத்தியானத்துக்குள் கிர்ணிப்பழத்தில் பாதி குழைந்துவிடும். நம் தெருவிலேயே முதல் ஃப்ரிட்ஜ் உன் வீட்டில்தான். குழைந்த பழத்தையும் தயிரையும் கலந்து உறைய வைத்தால் விற்கலாமே என்று யோசனை சொன்னது நான். குழைந்தது சரி, அழுகியதில் ஒரு துண்டுகூட உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் நீ சம்மதித்தாய்.

எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிக் குச்சி செருகி வைத்த முதல் ஐஸ் கல்லாகிப்போனது. கடித்தால் தண்ணீர் தனியாக, புளிப்பு தனியாகத் தெரிந்தது. உங்கள் ஜைனக் குடும்பத்தில் குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் தொட மாட்டீர்கள். அதே மாதிரி வெள்ளைத் துணி ஒன்றில் தயிரைக் கட்டிக் கிணற்றடியில் தொங்கவிட்டாய்.

"தண்ணியத்தான் வடிகட்டுவீங்கன்னு நெனைச்சேன், தயிரையும் விடலையா?" என்று கிண்டல் செய்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீர் இறங்கிய கெட்டித் தயிரில் சர்க்கரையும் மசித்த பழமும் சேர்ந்து உறைந்தபோது, ஐஸ் வெண்ணெய் மாதிரி நாக்கில் வழுக்கியது. அதோடு என் கிண்டலும் நின்றது.

தெருப் பிள்ளைகள் வாங்கித் தின்றால் மட்டும் அது வியாபாரமாகிவிடாது. என் வீட்டுக்காரர் அதை "உங்க விளையாட்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த பெரிய மிட்டாய்க் கடையில் நம் ஐஸ் ஏற வேண்டும். சித்ரா பௌர்ணமிக் கூட்டத்துக்குள் ஏறாவிட்டால் கோடையே முடிந்த மாதிரி. கடைக்காரரிடம் நடையாய் நடந்து உன் வீட்டுக்கு வரவழைத்தேன். மனுஷர் வந்தாரே, பொழுது சாய்ந்த பிறகு வந்தார்.

தட்டில் வைத்த ஐஸை அவர் தொடவில்லை. குச்சி ஐஸை என்ன தண்ணீரில் செய்கிறார்களோ என்று ஊரே பயந்த காலம் அது. செய்தவர்கள் முதலில் சாப்பிட வேண்டும் என்றார். நான் எடுத்துக் கடித்தேன். அவர் சிரித்தார்.

"நீங்க விக்கறவங்க, சாப்பிடத்தான் செய்வீங்க. செஞ்சவங்க சாப்பிடட்டும்."

நீ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாய்: "இருட்டிடுச்சிங்க. பொழுது போனா நாங்க எதையும் வாயில வைக்க மாட்டோம். காலையில வாங்க, உங்க எதிர்லயே சாப்பிடறேன்."

அவர் அதைச் சாக்கு என்றே எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்ட ஆரம்பித்துவிட்டார். நான் உன்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன்.

"ஒரே ஒரு கடி. யாருடி பாக்கப் போறா?"

"நான் பாக்கறேனே."

அவ்வளவுதான் சொன்னாய். அவர் போய்விட்டார். தட்டில் ஐஸ் உருகி ஓடியது. இந்தப் பெண்ணோடு கூட்டு வைத்து எப்படிப் பிழைப்பது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

விடிந்ததும் நீ என் வாசலில் நின்றாய். இடுப்பில் ஒரு தூக்கு. அதைச் சுற்றி உமி அடைத்து, ஈரச்சாக்கு கட்டியிருந்தாய். "கெளம்பு" என்றாய். எங்கே என்று கேட்க எனக்கு நேரமில்லை, நீ தெருமுனைக்குப் போய்விட்டாய்.

மிட்டாய்க் கடையில் காலைக் கூட்டம். தெருவில் நாலு பேர் நின்றால் ஒதுங்கிப் போகிறவள் நீ. அன்றைக்குக் கடைக்கு நேர் எதிரே நின்று, தூக்கைத் திறந்து, ஒரு ஐஸை எடுத்து நிதானமாகத் தின்றாய். எல்லாரும் பார்த்தார்கள். நீ அவசரப்படவில்லை. வெறும் குச்சியைக் காட்டிவிட்டு இன்னொன்றை அவரிடம் நீட்டினாய்.

"பொழுது விடிஞ்சிடுச்சிங்க. இப்ப நீங்க சாப்பிடுங்க."

அவர் கை நீட்டுவதற்குள், சாமி கும்பிட்டுவிட்டு வந்த ஒரு அம்மா, இந்த ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"இங்கதாம்மா கெடைக்கும்" என்றார் கடைக்காரர். இன்னும் வாயிலேயே வைக்கவில்லை, அந்த மனுஷர். வியாபாரி என்றால் அவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். திரும்பி உன்னைப் பார்த்ததும் அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன்.

அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்தவர்கள் நம் ஐஸைத் தின்றார்கள். இப்போது வேங்கிக்காலில் எனக்குச் சொந்தக் கடை. வடித்த தயிர், நல்ல பழம், சர்க்கரை, வேறு எதுவும் சேர்ப்பதில்லை. ஆபீஸ்காரர்கள் கார் நிறுத்தி வாங்கிப் போகிறார்கள். ரகசியம் என்னவென்று கேட்பவர்களிடம், இது என் சிநேகிதி செய்தது என்று சொல்வேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் ஒலிக்கும். ஒலிக்கட்டுமே.

உன் நோன்பு ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. இருட்டின பிறகு வயிறு முட்டச் சாப்பிடுகிறவள் நான். ஆனால் புதிதாக உறைந்த ஐஸை எடுத்தால், ஆட்கள் நிற்கும்போதே கல்லாவை விட்டு வெளியே வந்து, முதல் குச்சியை நான்தான் தின்கிறேன். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, ருசி பார்க்க ஒரு கடி போதாதா என்று டாக்டர் திட்டுகிறார். அவருக்கு என்ன தெரியும்? நீ அன்றைக்கு முழுசாகத் தின்றாய்.