தலையில் ஒரு கீறல்கூட இல்லை

இன்று காலை ஷிஃப்டுக்குப் போனபோது தொழிற்சாலை வாசலில் உன்னைப் பார்த்தேன். பாதுகாப்பு மாதத்துக்காகக் கட்டிய பேனரில் ஆளுயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். போன கிறிஸ்துமஸ் விருந்தில் கேன்டீனில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. உன் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை ஒட்டவைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் செய்த வேலை. கோணலாக உட்கார்ந்து, உன் இடது காதைத் தோட்டோடு சேர்த்து விழுங்கியிருந்தது. கீழே, பத்திரமாக வீடு திரும்புங்கள் என்று மலாயில் ஒரு வரி.



பாதுகாப்பு அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "இதென்ன கூத்து?"

"ஹெல்மெட் இல்லாத படத்தைப் போட்டா தப்பான மெசேஜ் போயிடும் கா. நல்லதுக்குத்தான் லா."

"அவ ஹெல்மெட் போட்டுச் சைக்கிள் ஓட்டுறதில்ல."

"அதான் கா. அதனாலதானே போயிட்டாங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் பார்.

எனக்குச் சர்க்கரை கூடி, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்த வருஷம் நினைவிருக்கிறதா? முட்டி வலிக்கிறது என்று உன்னிடம்தான் புலம்பினேன். "நடக்க முடியலன்னா உருட்டுவோம், வா," என்று எங்கிருந்தோ இரண்டு பழைய சைக்கிளைப் பிடித்துவந்தாய். ஐம்பதை நெருங்கும் இரண்டு பொம்பளைகள் தெப்ரா சாலையில் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்து நம் தாமான் குடியிருப்பு முழுக்கச் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரிகள் குறைவு. அடுக்குமாடியிலிருந்து தொழிற்பேட்டை வழியாக அந்த நாசி லெமாக் சோற்றுக் கடைவரை போவோம். சர்க்கரைக்காக ஓட்டிப் போய், சம்பலை வழித்துத் தின்றுவிட்டு வருவோம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் இரண்டு ஹெல்மெட் வாங்கிவந்தான். பெட்டிகூடப் பிரிக்காத புதுசு. நீ ஒரு வாரம் போட்டுப் பார்த்தாய். "சட்டியைக் கவுத்துவெச்ச மாதிரி இருக்குடி," என்றாய். கொண்டை இடித்தது. நெற்றியில் வேர்க்குரு வந்தது. ஆனால் நிஜக் காரணம் காது. பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டிங் மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்று உன் இடது காது பாதி போயிருந்தது. ஹெல்மெட் போட்டால் காற்று உள்ளே புகுந்து இரைகிறது, மிச்சமிருப்பதும் அடைத்துக்கொள்கிறது என்றாய்.

"பின்னால லோரி வந்தா எனக்குத் தெரியணும். நீ போட்டுக்க. உனக்கு ரெண்டு காதும் இருக்கு."

"விழுந்தா மண்டை போயிடும்டி."

"லோரி ஏறுனா மண்டை மட்டுமா போகும்?"

அதற்காக நாம் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் லைனில் என் பக்கத்தில் வந்து நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி, பிசிறு வெட்டும் கத்தியைக் கேட்டாய்.

நீ சொன்னதுதான் சரி என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். வெறுமனே வழுக்கி விழுந்திருந்தால் அந்தச் சட்டி உன்னைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் நீ யோசித்து ஒரு முடிவெடுத்தாய். நானும் யோசித்துத்தான் போட்டுக்கொண்டேன். இன்று உன்னைப் பற்றிப் பேசுகிற ஒருவரும் அந்த அளவுகூட யோசிக்கவில்லை.

அந்த ஞாயிறு நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாய். சாலையின் ஓரமாக, நேராக. இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு வெள்ளை பிக்கப் வண்டி நிற்காமல் வெளியே வந்தது. ஓட்டியவரை நான் பார்த்தேன். வலது கையில் கைப்பேசி, கண் அதில். நான் கத்தினேன். வண்டி உன் மேல் மோதி, முன்சக்கரம் உன் இடுப்பில் ஏறி நின்றது. உன் கொண்டைகூட அவிழவில்லை. "தண்ணி," என்றாய்.

இறங்கி ஓடிவந்தவர் நம் தாமான் தலைவர். தண்ணீர் வராத நாளில் லோரியில் தண்ணீர் கொண்டுவருகிறவர். என் வீட்டுக் குழாய் உடைந்தபோது ஆள் அனுப்பியவர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்தாய். இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிவிட்டது என்றார் டாக்டர். தலையில் அடி உண்டா என்று கேட்டேன். தலையில் ஒரு கீறல்கூட இல்லை என்றார்.

நடைபாதையில் போலீஸ் சார்ஜன் என்னிடம் வந்தார். தலைவர் என் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று சார்ஜன் மலாயில் கேட்டார். போடவில்லை என்றேன். எழுதிக்கொண்டார். எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். கைப்பேசியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. தலைவரின் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. இறுக்கிக்கூடப் பிடிக்கவில்லை. சும்மா இருந்தன.

பிறகு உன் வீடு. ஜெபத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் உன் முகத்தைப் பார்த்தார்கள், சிலுவை போட்டார்கள் அல்லது கும்பிட்டார்கள், பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: "ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?" இல்லை என்றதும் அவர்கள் முகம் லேசாகத் தளர்வதை நான் பார்த்தேன். ஒரு நிம்மதி. அப்படியென்றால் இது நமக்கு நடக்காது என்ற நிம்மதி. அதைப் போல அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டே சொன்னார்: "ஒரு ஹெல்மெட் போட்டிருந்தா பொழைச்சிருக்கும், பாவம்." அந்தத் தேநீரை அவருக்கு ஊற்றிக் கொடுத்தவள் நான்.

மூன்று வாரம் அப்படியே இருந்தேன். உன் வீட்டுக்குத் தினமும் சோறு கொண்டுபோனேன். அது எதற்கென்று எனக்கே தெரிந்திருந்தது.

இன்று காலை அதிகாரியின் அறையிலிருந்து வெளியே வந்து, வாசல் காவலாளியின் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பேனரின் கயிறுகளை அறுத்தேன். நீ என் மேலேயே சரிந்து விழுந்தாய். "அக்கா, என்ன செய்யறீங்க?" என்று அதிகாரி ஓடிவந்தார். "இவங்க தலையில அடிபட்டுச் சாகல. இடுப்பு நசுங்கிச் செத்தாங்க. அதைப் போடுங்க," என்றேன். ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நாளைக்கு ஆபீஸில் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

ஷிஃப்ட் முடிந்ததும் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, காரை எடுத்துவரச் சொன்னேன். போலீஸ் நிலையம் போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"மூணு வாரமா சோறு கொண்டாந்தீங்களே மா," என்றார். "அப்பல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ணே."

காரை எடுத்தார். போலீஸ் நிலையத்துக்குள் அவர் வரவில்லை.

அதே சார்ஜன்தான் இருந்தார். கைப்பேசியைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றார். நீங்கள் ஹெல்மெட்டைப் பற்றித்தானே கேட்டீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோப்பைத் தேடி எடுத்து, என் வாக்குமூலத்தைத் திருப்பி வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். வேறு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. ஊர் வாயையெல்லாம் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு திரிந்தேனே, அந்த வரியைப் படித்தபோது என் வாயையே கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

புதிதாக இரண்டு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். வழக்கு எப்படிப் போகும் என்று தெரியாது என்றார். தலைவர் வேறு மாதிரி சொல்வார். தாமான் அவர் பக்கம்தான் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுக்கத்தான் போகிறேன். ஹெல்மெட்டும் போட்டுக்கொள்வேன். யாராவது பார்த்து, பரவாயில்லை, புத்தி வந்துவிட்டது என்று தலையாட்டினால் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

நிலையத்திலிருந்து கிளம்பும்போது சார்ஜனிடம் ஒன்று கேட்டேன். அந்தப் பழைய தாளைக் கிழித்துவிடுவீர்களா என்று. கிழிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். உன் பெயர் உள்ள கோப்பில் நான் பார்த்தது ஒரு தாளில் இருக்கிறது. பார்க்கவில்லை என்று நான் சொன்னதும் அதற்கு அடியிலேயே இருக்கிறது, என் கையெழுத்தோடு.