முப்பத்தொரு குறைகள் உள்ள பச்சைக் கார்

மார்ச் 3, செவ்வாய்

முடிவெடுத்தாயிற்று. பச்சையை விற்கிறோம்.

காலையில் பல் தேய்க்கும்போதே எடுத்துவிட்டேன். எனக்கு முடிவெடுக்க அதிக நேரம் பிடிக்காது. தொழிற்சாலையில் ஒரு வால்வைக் கையில் எடுத்தால் நாற்பது நொடி. நன்றாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. காருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

காரணம் வெட்டவெளிச்சம். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஒன்பது வாரம் ஆகிறது. தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது என்று சர்ஜன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போதைக்கு மட்டுமல்ல, முடிந்தால் எப்போதுமே. முழங்கால் இடுப்புக்கு மேலே போனால் புது மூட்டு நழுவிவிடுமாம். பச்சையின் இருக்கை தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர். அதில் யாரும் ஏறுவதில்லை, இறங்குவதுதான். வெளியே வருவதைத்தான் ஏறுவது என்று சொல்ல வேண்டும். இருக்கையும் இரண்டே பேருக்குத்தான். கீழே எங்களுக்கு வண்டி நிறுத்த ஒரே ஓர் இடம்தான். உயரமாக, பெட்டி மாதிரி ஒரு கார் வர வேண்டுமென்றால் இது போயாக வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "வித்துடு. நல்ல முடிவு" என்றார். பதினோரு வருடம் ஓட்டிய காருக்கு மூன்றே வார்த்தை.

மார்ச் 5, வியாழன்

விளம்பரம் எழுதி இணையத்தில் போட்டாயிற்று. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. காரைச் சுற்றி இரண்டு மணி நேரம், டார்ச்சும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் பார்த்தேன். மொத்தம் முப்பத்தொரு குறைகள். மழை பெய்தால் இடது கதவின் கீல் கத்தும். மடிக்கிற கூரைத்துணியில் மூன்றாவது மடிப்பில் கடுகளவு கிழிசல். குளிர்ந்த காலைகளில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். பெட்ரோல் முள், கால் டாங்குக்குக் கீழே போனால் பொய் சொல்லும். வரிசை எண் போட்டு, படத்தோடு.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை. "அம்மா, இது விளம்பரமா, குற்றப்பத்திரிகையா?"

உள்ளதைச் சொன்னால் வாங்குகிறவன் வாங்கட்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "நல்லா இருக்கு" என்றார். இப்போதெல்லாம் இவருக்கு எல்லாமே நல்லா இருக்கு.

மார்ச் 8, ஞாயிறு

இன்று எங்கும் போகவில்லை. ஒன்பதாவது ஞாயிறு.

எழுதி வைக்கிறேன், எனக்கே தெளிவாகட்டும். மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள் நானும் இவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, பழகிப்போன முகம். எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அன்றே ஓர் ஒப்பந்தம் போட்டோம்: இனி வீட்டில் சண்டை கிடையாது. ஞாயிறு காலை, பச்சையில், ஊருக்கு வெளியே. போகும்போது நான் ஓட்டுவேன், இவர் பேசுவார். திரும்பும்போது இவர் ஓட்டுவார், நான் பேசுவேன். ஓட்டுகிறவர் பதில் சொல்லக் கூடாது. ஏரிக்கரை போய்ச் சேருவதற்குள் பாதிக் கோபம் தானாகவே இறங்கிவிடும்.

மகள் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆயிற்று. ஒப்பந்தம் மட்டும் போகவில்லை. இவருடைய மருந்துக்கடைப் பிரச்சினை, என் அம்மாவின் கடைசி நாட்கள், ஒரு முறை பிரிந்துவிடலாமா என்கிற பேச்சுகூட — எல்லாம் அந்த இரண்டு இருக்கைகளில்தான். வீட்டில் நாங்கள் பேசுவது கேஸ் வந்ததா, பால் வாங்கியாச்சா.

இந்த ஒன்பது வாரமாக வீட்டில் மரியாதை முற்றிப்போய்விட்டது. "பரவாயில்ல." "உன் இஷ்டம்." "நீ சொன்னா சரி." கேட்கக் கேட்க எனக்கு உள்ளே என்னவோ ஆகிறது.

பெட்டிக் காரிலும் சண்டை போடலாமே? போடலாம். போடுவோமா? தெரியவில்லை. எனக்குத் தெரியாத விஷயம் அபூர்வம், அதனால் குறித்து வைக்கிறேன். பச்சை போனால் இந்த மனுஷர் என்னோடு பேசுவது அதோடு போய்விடுமோ என்று இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

விளம்பரத்தைப் பார்த்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. கூப்பிட்டவர்கள் பூஜ்யம்.

மார்ச் 14, சனி

ஒரு பல் மருத்துவர் வந்தார். படம் மட்டும்தான் பார்த்தாராம், பட்டியலைப் படிக்கவில்லையாம். படிக்காமல் வாங்கக் கூடாது என்று நானே வாசித்துக் காட்டினேன். பத்தொன்பதாவது குறையில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், நீங்க விக்க வந்தீங்களா, எனக்குப் புத்தி சொல்ல வந்தீங்களா?"

போய்விட்டார். பல்லைப் பிடுங்குவதற்கு முன் அந்த ஆள் மட்டும் வலிக்கும் என்று சொல்ல மாட்டாரா?

இவர் மேலே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "பரவாயில்ல, வேற யாராவது வருவாங்க" என்றார். 'உனக்கு விக்க மனசில்ல, அதான் இப்படி எழுதியிருக்கே' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குச் சுடச்சுடப் பதில் வைத்திருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"மேடம், சார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நாற்காலியை உயரமாக்கப் போட்டிருந்த குஷனை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வர்றார். இப்ப ஒரு குட்டி ஸ்டூல் வச்சிருக்கார். முப்பது சென்டிமீட்டர் வரைக்கும் எப்ப இறங்கலாம்னு வாரவாரம் கேக்கறார். எப்பவும் வேண்டாம்னு சொல்றேன். சிரிக்கிறார்."

முப்பது. அந்த எண் எனக்குத் தெரியாதா?

ஸ்டூல் குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. என் அளவு டேப் இவருடைய மேசை இழுப்பறையில். ஒரு மயிரிழைக் கீறலை ஐந்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கோட்டை விட்டிருக்கிறேன்! விற்கச் சொல்கிறார். அப்புறம் எதற்கு அந்த உயரத்துக்குப் பழகுகிறார்? கேட்கலாம்தான். எங்கே வைத்துக் கேட்பது?

பையில் இருந்த சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து ஸ்டூலில் கட்டிவிட்டேன். 'நிராகரிக்கப்பட்டது.' கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 18, புதன்

சீட்டைக் காணோம். ஸ்டூலையும் காணோம். "பால் வாங்கியாச்சா?" என்று கேட்டார் இவர். வாங்கியாச்சு என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சோதனை இயந்திரம் பழுதாகி, மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கீழே பச்சையின் கதவு திறந்து கிடக்கிறது. கைத்தடி தரையில். இவர் உள்ளே. இருக்கையில் சாய்ந்து, முகம் வெளுத்து, என்னைப் பார்த்ததும் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி கையை ஆட்டுகிறார்.

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும். உள்ள வந்துட்டேன். வெளிய வரத்தான் தெரியல."

"போன்?"

"மேலயே வச்சிட்டு வந்துட்டேன்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டேன். பிடித்து இழுக்காதீங்க, காலை நீட்டியே வைக்கச் சொல்லுங்க, நாற்பது நிமிஷத்துல வர்றேன் என்றாள். வேறு வழியில்லாமல் சுற்றிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். கார் ஓடவில்லை. ஆக, யார் பதில் சொல்லக் கூடாது என்பதற்குச் சட்டமும் இல்லை.

"மூட்டு நழுவியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வித்துடுன்னு சொன்னது நீங்கதானே?"

"வேற என்ன சொல்றது? பல்லு தேச்சுக்கிட்டே முடிவெடுத்துட்டு வந்து நிக்கறே. விக்கலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நல்ல முடிவுன்னீங்களே!"

"என் இடுப்புக்காக உன் காரை விக்கறே. வேண்டாம்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"என் காரா? நமக்கு ரெண்டு பேருக்கும்தானே..."

"எனக்கு இந்தக் காரே பிடிக்காது. பதினோரு வருஷமா நீ ஓட்டும்போது வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

பதினோரு வருஷம்!

"அப்ப எதுக்கு உயிரைக் குடுத்து இதுக்குள்ள வந்து உக்காந்தீங்க?"

"வேற எங்க நீ பேசறே? வீட்டுல நீ ரிப்போர்ட்தான் குடுப்பே. இதுக்குள்ளதான் என் பொண்டாட்டி இருந்தா."

அழுதுவிட்டேன். எனக்கும் அதே பயந்தான்யா, இந்தக் கார் போனா நீங்க எங்கிட்ட பேச மாட்டீங்களோன்னுதான் ராத்திரி பகலா மனசு அடிச்சுக்குது — இப்படியே சொன்னேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே பயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில், மரியாதையாக ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அப்புறம் குஷனுக்காகவும் அந்தச் சிவப்புச் சீட்டுக்காகவும் மறுபடி சண்டை. நன்றாகவே போட்டோம்.

பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, இவருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகினாள். இரண்டு காலையும் சேர்த்து வழுக்கினாற்போல் திருப்பினோம். பத்து நிமிடத்தில் மனிதர் வெளியே. "ரெண்டு பேரும் என்ன சின்னப் பிள்ளைங்களா?" என்று திட்டினாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டோம்.

மார்ச் 21, சனி

எக்ஸ்ரே எடுத்தோம். மூட்டு இருந்த இடத்தில் இருக்கிறது.

திரும்பி வந்ததும் இவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டேன். "பச்சைய விக்கலாமா?"

யோசித்தார். நாற்பது நொடிக்கு மேலேயே எடுத்துக்கொண்டார். காத்திருந்தேன்.

"விக்கலாம். ஆனா அந்த லிஸ்டை மாத்தாதே. எவனாவது ஒருத்தன் ஒழுங்கா படிச்சிட்டு வரட்டும்."

மார்ச் 28, சனி

ஒழுங்காகப் படித்தது ஒருத்தன் இல்லை, ஒருத்தி.

நகரப் பேருந்து ஓட்டுகிறாளாம். முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டியலைத் தாளில் அச்சடித்துக்கொண்டு வந்து, வரிசையாக ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். காருக்கு அடியில் படுத்து எழுந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"முப்பத்தொண்ணு எழுதியிருக்கீங்க அக்கா. ரெண்டு விட்டுப்போச்சு. பின் டயர் வலது பக்கம் உள்புறமா தேயுது. பிரேக் லைட்டுல ஒரு பல்பு அவுட்."

இருக்காது என்றேன். குனிந்து பார்த்தேன். இருந்தது! காதெல்லாம் சூடாகிவிட்டது. இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

"எதுக்கும்மா உனக்கு இவ்வளவு தாழ்வான கார்?"

"எட்டு மணி நேரம் உயரத்துலயே உக்காந்து ஊரையே இழுக்கறேன்கா. லீவு நாள்லயாவது தரையோட தரையா, தனியா போகணும்."

சாவியைக் கொடுத்தேன். வாசலைத் தாண்டும்போது இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது, ஒரு கணம்தான். அவள் தட்டிக்கொடுத்துப் போட்டுவிட்டாள். அந்தக் காரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். யாரும் இல்லாத நீளச் சாலையில் நாலாவது கியரில் அது போடும் சத்தம் இனி என்னுடையது இல்லை. தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"முப்பத்திமூணு" என்றார் இவர் என் பின்னாலிருந்து. அடிக்கக் கையை ஓங்கினேன். கைத்தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பெட்டிக் கார் வந்துவிட்டது. இவர் நாற்காலியில் உட்காருவதைப் போல உட்கார்ந்தார், எழுந்தார். அதுபோதும்.

ஏரிக்கரை வரை போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் நான்தான் ஓட்டினேன். வெயில் அதிகம் என்றார். ஆமாம் என்றேன். பின்னால் மூன்று பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடக்கிறது, யாரோ உட்கார்ந்து ஒட்டுக்கேட்பது போல. அவரும் முயற்சி செய்தார், நானும் செய்தேன். முயற்சி செய்து சண்டை வருமா?

மே 10, ஞாயிறு

காலையில் சாப்பாட்டு மேசைக்கு உயரமான நாற்காலிகள் நான்கு வந்து இறங்கின. நான்தான் ஆர்டர் செய்திருந்தேன். இவர் டெலிவரி ஆள் போகும் வரைக்கும் பொறுத்திருந்து கேட்டார்: "என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஒப்புக்கொள்வேனா? உங்க இடுப்புக்குத்தானே என்றேன். என் இடுப்பு என்ன உன் தொழிற்சாலை வால்வா என்றார். அங்கிருந்து மருந்துக்கடைக்கு அரை நாள் மட்டும் போகலாமா என்பதற்குப் போய், மகளிடம் இவர் மட்டும் தனியாகப் பேசுவதற்குப் போய், போன வருடம் நான் மறந்த ஏதோ ஒரு பிறந்தநாளுக்கு வந்து நின்றது. தட்டு காய்ந்துபோய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். எழுந்து போய், பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, விட்ட வாக்கியத்திலிருந்தே ஆரம்பித்தார்.

கைத்தடி இந்தப் பக்கம் மேசையில் சாய்ந்தபடியே இருந்தது. தடி இல்லாமல் போய் வந்திருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. நான் சொல்லவில்லை. நடுச் சண்டையில் சொன்னால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.