அந்தப் பெண் பிழைத்தாளா?

செமோர் தோட்டம்
6.2.1927

அன்புள்ள அப்பாவு,

நான் சுகம். புதிதாக வாங்கிய வயலினுக்குத்தான் சுகமில்லை. ஆபீஸ் முடிந்து வில்லைக் கையில் எடுத்தால் தொரை வீட்டு நாய் ஊளையிடுகிறது.

நேற்று ஈப்போவில் உன் கொட்டகையில் பார்த்த படங்களைப் பற்றி எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். சண்டைப்படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடும் ரயிலிலிருந்து ஒருவன் மூன்று தடவை குதிக்கிறான், தொப்பி மட்டும் விழுவதில்லை! பேய்ப்படம் வேறு ரகம். ஆற்றில் மூழ்கிய பெண் சுவருக்குள் புகுந்து வந்தபோது பக்கத்திலிருந்த சீனக்காரர் காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டார். நானும்தான். அதை எப்படி எடுக்கிறார்கள்?

இன்னொரு சந்தேகம். முடிவில் திரையில் வந்த இங்கிலீஷ் இரண்டே வரி. அவள் உடல் கிடைக்கவேயில்லை என்றுதான் நான் வாசித்தேன். திரையோரம் நின்று ஊமைப்படத்துக்குத் தமிழில் கதை சொல்லும் நீயோ, வந்தது பேயல்ல, புருஷனின் மனப்பிரமை என்றாய். ஒரு மீன்காரன் அவளைக் கரையேற்றித் தெற்கே ஓர் ஊரில் வைத்திருக்கிறான் என்றாய். அது எந்த வரியில் இருந்தது?

உன்
அந்தோணிமுத்து

ஈப்போ
13.2.1927

அன்புள்ள முத்து,

படம் ஓட்டுகிறவரிடம் உனக்காகக் கேட்டேன். ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுக்கிறார்களாம். முதலில் வெறும் அறை, அப்புறம் கறுப்புத் துணிக்கு முன்னால் அந்தப் பெண். மறுபடி பார்த்தால் கவனி, அவள் வயிற்றுக்குள் நாற்காலி தெரியும்.

மீன்காரன் எந்த வரியிலும் இல்லை. அவன் என்னுடையவன். வாரம் முழுக்க அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தைக் கோக்கிறேன். சனிக்கிழமை ஒருநாள்தான் என் வாய் என்னுடையது. என்னென்ன சொல்லலாம் என்று ஒரு நோட்டுப்புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அன்று முன்வரிசையில் ஓர் அம்மாள், "ஐயோ எம்மவளே" என்று குலுங்கினார். அவரை அப்படியே விட மனம் வரவில்லை. படம் வெள்ளைக்காரனோடது, பேச்சு என்னோடதுலா!

உன்
அப்பாவு

செமோர் தோட்டம்
6.3.1927

அப்பாவு,

அந்த அம்மாள் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் முத்தம்மா. மகள் பாப்பாவுக்குப் பதினாறு வயது. போன மார்கழி வெள்ளத்தில் ஆற்றோடு போனவள், உடல் கிடைக்கவில்லை.

உன் படம் பார்த்துவிட்டு வந்தவர், ஆபீசில் நான் கணக்கெழுதும் மேசைமுன் நின்றார். "கிராணியாரே, தெக்கன்னா கோப்பெங்தானே? அங்க எந்த மீன்காரன் வீட்டுலயாச்சும் புதுசா ஒரு பொண்ணு இருக்கான்னு காயிதம் எழுதிக் கேளுங்க" என்றார். எழுதினேன். ஒன்றல்ல, நான்கு. யாருக்கு அனுப்புவது? எல்லாம் என் இழுப்பறையில் கிடக்கின்றன. தபாலில் போட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பதில் வராததால் வியாழக்கிழமை கோப்பெங்குக்கு நடந்தே போய்விட்டார். நேற்று கால் வீங்கித் திரும்பினார். லயத்து வீடுகளில் அவரைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று பேசுகிறார்கள். அவருக்குப் பைத்தியமில்லை, அப்பாவு. நீ சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். நீயே வந்து சொல். எனக்கு வாய் வரவில்லை.

அந்தோணிமுத்து

ஈப்போ
14.3.1927

முத்து,

நேற்று வந்தேன். நீ மாதாகோவில் பூசைக்குப் போயிருந்தாய். காத்திருந்தால் திரும்பி ஓடியிருப்பேன் என்று நேரே லயத்துக்குப் போனேன். முத்தம்மா அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மீன்காரன் பொய். படத்துல இல்ல, நானா சொன்னது" என்றேன்.

முறம் நிற்கவில்லை. "அப்ப அந்தப் பொண்ணு?"

"செத்துருச்சுக்கா."

முறத்தைத் தட்டிக்கொண்டே, "நீ சொன்ன கதையில, கரையேத்துனப்ப அவ ஏதாச்சும் பேசுனாளா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதும் ஒரு பதில் நாக்கில் வந்து நின்றது, முத்து. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. "தெரியாதுக்கா" என்றேன். முறத்தை என் முகத்தில் எறிந்தார். தரையில் சிதறிய அரிசியைப் பொறுக்கப் போனேன். "தொடாத, போ" என்று கத்தி அழுதார். வந்துவிட்டேன்.

இனி திரையில் இருப்பதை மட்டும் சொல்வேன் என்று கொட்டகைக்காரரிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதங்களைப் பற்றி அக்காவிடம் வாய் திறக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அப்பாவு

செமோர் தோட்டம்
3.4.1927

அன்புள்ள அப்பாவு,

சொல்லிவிட்டேன். நான்கு கடிதங்களையும் முத்தம்மா முன்னால் வைத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "படிங்க" என்றார். "சிவப்பு, இடது புருவத்தில் தழும்பு, பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள்" என்று அவர் சொல்லி நான் எழுதியதையெல்லாம் அவருக்கே படித்துக் காட்டினேன். மூன்றாவதில் என் குரல் போய்விட்டது. அவர்தான் தண்ணீர் கொடுத்தார். "நீங்களுமா, கிராணியாரே" என்றார்.

பத்து நாள் என்னோடு பேசவில்லை. நேற்று ஆபீசுக்கு வந்து ஒருநாள் லீவு கேட்டார். எதற்கு என்றேன். "எம்மவளுக்குக் காரியம் செய்யணும்" என்றார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது இதுவே முதல் தடவை.

வருகிற ஞாயிறு காலை, ஆற்றங்கரையில். உன்னை அழைக்கலாமா என்று கேட்டேன்.

"வரட்டும். வந்து நிக்கட்டும். ஒண்ணும் பேச வேணாம்னு சொல்லுங்க."

முதல் ரயிலில் வா. ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உன்
அந்தோணிமுத்து