பின் பெஞ்சில் திறந்த குப்பி

விழுப்புரம்,
8-8-1938

அன்புள்ள தேவசகாயத்துக்கு,

இங்கு எல்லோரும் க்ஷேமம். ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம். பயிற்சிக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் நீ. வராவிட்டால் உன்னோடு பேசமாட்டேன். ஒன்று மட்டும். பந்தியில் பெரியவர்கள் இருப்பார்கள். உனக்குக் கொல்லைக் கொட்டகையில் தனியாக இலை போடச் சொல்லியிருக்கிறேன். நீ தப்பாக நினைக்கமாட்டாய்.

உன்
அரங்கநாதன்


திண்டிவனம்,
13-8-1938

அன்புள்ள அரங்கா,

கல்யாணச் செய்தி கேட்டுப் பூரித்துப் போனேன்.

போன வாரம் வகுப்பில் வாயுக்களைப் பற்றிப் பாடம். சேரிப் பையன்கள் உட்காரும் கடைசி பெஞ்சில் அமோனியாக் குப்பியைத் திறந்து, நெடி எட்டியவன் கை தூக்கு என்றேன். மூலக்கூறுகள் ஓயாமல் ஓடி, ஒன்றோடொன்று மோதித் திசை மாறி, அறை முழுக்கப் பரவுவதைக் காட்டத்தான். கைகள் ஒவ்வொன்றாக எழுந்து முன் பெஞ்சை எட்டின. மணியக்காரர் மகன், "அப்போ அவங்க வுட்ற மூச்சுதான் எங்களுக்கு வருதா சார்?" என்றான்.

"ஆமாண்டா. உன்னுதும் அங்க போய்க்கினுதான் இருக்குது" என்றேன்.

வீட்டில் அவனைத் தலைமுழுக வைத்தார்களாம்! சிரித்தேன், அப்புறம் அழுகை வந்தது. தலைமையாசிரியர் என்னை மன்னிப்பு எழுதித் தரச் சொல்கிறார்.

கொட்டகை வேண்டாம், அரங்கா. நானும் சேரியில் பிறந்தவன்தான். பந்தியில் உன் பக்கத்தில் ஓர் இலை போடு, வருகிறேன்.

உன்
தேவசகாயம்


விழுப்புரம்,
18-8-1938

அன்புள்ள தேவா,

அசடே, மன்னிப்பை எழுதிக் கொடுத்துத் தொலை. ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? உன் வாயுக்களைப்போல மனிதர்களும் ஒருநாள் தானாகக் கலந்துவிடுவார்கள். நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? இலை விஷயத்தில் என்னை நெருக்காதே. அம்மா சாப்பிடாமல் எழுந்துவிடுவாள். கொட்டகைக்கு நானே வந்து பரிமாறுகிறேன், போதுமா?

உன்
அரங்கா


திண்டிவனம்,
29-8-1938

மகாராஜராஜஸ்ரீ அரங்கநாதன் அவர்களுக்கு,

மன்னிப்பு எழுதவில்லை. இந்த மாதத்தோடு வேலை போகிறது.

மூலக்கூறுகளுக்கு வேறு வழி தெரியாது, அதனால் கலக்கின்றன. அதில் அன்பும் இல்லை, நியாயமும் இல்லை. உங்கள் கல்யாணப் பந்தலின் காற்றில் என் மூச்சு கலக்க யாருடைய உத்தரவும் எனக்குத் தேவையில்லை. பக்கத்தில் இலை விழுவது மட்டும் தானாக நடக்காது. ஒருவர் கையால் போட வேண்டும். உங்களைத்தான் கேட்டேன்.

கோபம் தீர்ந்துவிட்டது, துக்கம்தான் தீரவில்லை. தங்கை தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும். நான் வரவில்லை.

இப்படிக்கு,
சி. தேவசகாயம்